நடுப்பிடி

இடது கை விண்விண்ணென்று தெறித்தது. கட்டைவிரலின் அடிச்சதையில் பிடித்து, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, முழங்கை வரை ஏறி அங்கேயே குந்திக்கொள்கிற வலி. பெரிய வெல்டர் அந்தக் கையை மடியில் கிடத்தி, மேசைக்கு அடியில் யாரும் பார்க்காதபடி பிசைந்துகொண்டிருந்தார்.

பயிற்சிக் கூடத்தில் ஏசி ஓடியது. வெல்டிங் ஷெட்டிலேயே வெந்து பழகிய உடம்புகளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. முன் வரிசையில் கிரேன்காரர் காது வரைக்கும் துண்டைச் சுற்றிக்கொண்டு, "பிணவறையில உக்கார வெச்சுதான் பாதுகாப்பு சொல்லித் தருவாங்க போல" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிய வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரிசையில் அவருடைய தங்கச்சி புருஷன் உட்கார்ந்திருந்தான். வலது கையை பேன்ட் பைக்குள் விட்டிருந்தான். அந்தக் கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். நடு விரல்கள் மூன்றும் விறைத்துப்போய், எதையோ சுட்டிக்காட்டப் போய் மறந்துவிட்ட மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும்.

மாப்பிள்ளைக்கு இந்தப் பயிற்சி தேவையே இல்லை. ரோபோ ஓடுகிற கம்பிக் கூண்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அவனை ஸ்டோருக்கு மாற்றி, கையுறை கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். இருந்தாலும் இன்று வரச் சொல்லியிருந்தார்கள். பாடத்துக்கு உதாரணம் வேண்டுமல்லவா.

ஷெட்டில் கையால் வெல்டிங் வைத்த காலத்தில் பெரிய பெரிய மூட்டுகளெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அப்போது ஒட்டிய பெயர்தான் பெரிய வெல்டர். இளசுகளுக்கு அவர் மாமா. ரோபோக்கள் வந்த பிறகு வெல்டிங்கை அவை வைத்தன. எங்கே தொட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று அவற்றுக்கு வழி காட்டுவது அவர் வேலையானது. வழி காட்டுகிற பலகைக்குப் பென்டன்ட் என்று பெயர். அதை இடது முன்கையில் ஏந்திக்கொண்டுதான் கூண்டுக்குள் போக வேண்டும். பலகையின் பின்புறம் ஒரு பிடி சுவிட்ச் உண்டு. அதை நடுவாகப் பிடித்திருந்தால்தான் ரோபோ நகரும். விட்டுவிட்டால் நின்றுவிடும். பயந்துபோய் இறுக்கினாலும் நின்றுவிடும். மனுஷன் மிரண்டால் ஒன்று கையை விடுவான், இல்லை இறுக்குவான் என்று தெரிந்தவன் யாரோ யோசித்துச் செய்த சுவிட்ச்.

நல்ல சுவிட்ச்தான். ஆனால் ஷிஃப்ட் முழுக்க அந்த நடுப்பிடியில் விரல்களை வைத்திருந்து பார்த்தால் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பிடிக்க வராது. தூக்கத்தில்கூட விரல்கள் மடங்கியே கிடக்கும். அந்த வலிக்கு மருந்து கண்டுபிடித்தவர் பெரிய வெல்டர். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, பலகையோடு சேர்த்து சுவிட்சின் மேல் சுற்றினார். நடுப்பிடியில் கச்சிதமாக நிற்கிற மாதிரி இழுத்து, நுனியை உள்ளே செருகிவிட்டார். கை விடுதலை ஆனது. ஒரே வாரத்தில் லைன் முழுக்கப் பரவியது. "மாமா கட்டு" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து போகிறவன் பட்டையை அவிழ்க்காமல் வருகிறவனுக்கு விட்டுவிட்டுப் போவது மரியாதை. அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனை, "ட்யூபை வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துத் தின்பான்" என்று கிண்டல் செய்வார்கள். சூப்பர்வைசர் வந்தால் தெரியக் கூடாதென்று பலகைக்கு ஒரு கேன்வாஸ் உறையும் தைத்துப் போட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை ஒருவன்தான் கட்ட மாட்டான். "எனக்கு வலிக்கல மச்சான், விடுங்க" என்பான். பெரிய வெல்டர்தான் அவனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவர். அவனுக்கு முந்தைய ஷிஃப்டில் வேலை பார்க்கிற நாட்களில் பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் பலகையை மாட்டுவார்.

விபத்து நடந்த அன்று அடுத்த ஷிஃப்டுக்கு வேறொருவன் வர வேண்டியது. அவன் லீவு போட்டுவிட்டான். கட்டிய பலகையை உறையோடு கொக்கியில் மாட்டிவிட்டு பெரிய வெல்டர் வெளியே நடக்கும்போதுதான், எதிரே மாப்பிள்ளை கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே வந்தான். "இன்னைக்கு நீங்களா மாப்ளே?" என்று கேட்டார். "ஆமா மச்சான், மாத்திவிட்டுட்டாங்க" என்றான். வாசலில் கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கட்டு இருக்கிறது என்று சொல்ல ஒரு சொல் போதும். பார்த்து அவிழ்த்துக்கொள்வான் என்று நினைத்தார். ஜன்னலோர இடம் போய்விடுமே என்றும் நினைத்தார். நினைத்தார், அதை மறுப்பதற்கில்லை.

தடித்த தோல் கையுறைக்குள் இருந்த விரல்களுக்கு உறைக்கடியில் இருந்த ரப்பர் தெரியவில்லை. மாப்பிள்ளை ரோபோவை நகர விட்டுப் பின்னாலேயே நடந்திருக்கிறான். இரும்பை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்டு, சுவிட்சை விட்டுவிட்டோம், இனி நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் வலது கையை நீட்டியிருக்கிறான். ரோபோ நிற்கவில்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்து கையைக் கிளாம்போடு வைத்து அழுத்தியது.

ஆஸ்பத்திரியில் மேனேஜர், "யாரு கட்டினது?" என்று கேட்டபோது பெரிய வெல்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மாப்பிள்ளை, "நான்தான் சார்" என்றான். பெரிய வெல்டர் திறக்கவிருந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அது திறக்கவில்லை.

பயிற்சிக்கு வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். ஷூவில் கிரீஸ் கறை இருந்தது. பேச்சில் பூச்சு இல்லை. காலையிலிருந்து பூட்டுப் போடுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, கூண்டுக் கதவு என்று சொல்லிவிட்டு, இப்போது மேசை மேல் ஒரு பென்டன்டையும் பக்கத்தில் ஒரு ட்யூப் பட்டையையும் வைத்தார்.

"இதை எப்படிக் கட்டுவீங்கன்னு எனக்குக் காட்டுங்க. யாரையும் மாட்டிவிட நான் வரல. கட்டற விதம் தெரிஞ்சாதான் அதுக்குத் தகுந்த மாதிரி சுவிட்சையே மாத்தச் சொல்லி நான் கம்பெனிகிட்ட சண்டை போட முடியும்."

எல்லோரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். மேடம் கடைசி வரிசையைப் பார்த்தார். "நீங்க வர்றீங்களா? கஷ்டமா இருந்தா வேண்டாம்."

மாப்பிள்ளை எழுந்து வந்தான். பைக்குள் இருந்த கையை எல்லோருக்கும் முன்னால் வெளியே எடுத்தான்.

"நீங்கதான கட்டினீங்க?"

"ஆமா மேடம்."

பட்டையை எடுத்தான். வாழ்க்கையில் ஒரு நாளும் அதைக் கட்டியதில்லை. எங்கே தொடங்குவது என்றே அவனுக்குத் தெரியாது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கையால் சுற்றப் பார்த்தான். ரப்பர் துள்ளிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடி விழுந்தது.

"ஒத்தக் கைல என்னத்தக் கட்டுவான் மேடம், விட்டுடுங்க" என்றார் கிரேன்காரர். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. கூடம் முழுக்கக் கையைத்தான் பார்த்தது. கை நன்றாக இருந்தாலும் அவனுக்குக் கட்டத் தெரியாது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை நிமிர்ந்தான். "மச்சான், கொஞ்சம் வாங்களேன். ஒரு நுனியப் பிடிங்க."

பொறி வைக்கிறானா, உதவிதான் கேட்கிறானா? முகத்தில் ஒன்றும் இல்லை. பெரிய வெல்டர் எழுந்து போனார். நுனியைத்தான் பிடிக்கப் போனார். ரப்பரின் சொரசொரப்பு விரலில் பட்டதுதான் தாமதம், இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டன. பட்டை பலகையைச் சுற்றி ஓடியது, இழுபட்டது, மறுபடி சுற்றியது, நுனி உள்ளே புகுந்து மறைந்தது. சுவிட்ச் நடுப்பிடியில் அப்படியே உறைந்து நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வலித்துக்கொண்டிருந்த கை, வலியை மறந்து, வித்தை காட்டி முடித்திருந்தது.

"மாமா கட்டுன்னா மாமா கட்டுதான்யா!" என்று கிரேன்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னால் தொடங்கிய சிரிப்பும் பாதியில் அறுந்தது.

"அதுக்குப் பேரே இருக்கா?" மேடம் பலகையைத் திருப்பிப் பார்த்தார். செருகிய நுனியை நகத்தால் தேடினார். கிடைக்கவில்லை. "நீங்களும் கட்டுவீங்களா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டைக்கு வந்துவிட்டது. அன்னைக்கு இருந்ததும் என் கட்டுதான் மேடம். அவ்வளவுதான். பெரிய வெல்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். வாயிலிருந்து வந்தது வேறு.

"எங்க லைன்ல எல்லாருமே கட்டுவோம் மேடம். கை வலி தாங்காம கட்டறதுதான். தப்புதான். எல்லார் சார்பிலயும் நான் ஒத்துக்கறேன்."

மேடம் பலகையை மேசையில் வைத்தார். பிறகு மேடமே முதலில் கை தட்டினார். "இதுக்குத்தான் காத்திருந்தேன். எத்தனையோ கம்பெனிக்குப் போயிருக்கேன். சீனியர் ஒருத்தர் எழுந்து நின்னு இப்படி ஒத்துக்கிட்டத பாத்ததில்ல. இதுக்கு தைரியம் வேணும்." எல்லோரும் தட்டினார்கள். அவரவர் தலைக்கு வந்தது பொதுத்தலைக்குப் போய்விட்ட நிம்மதியில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினான். ஒரு கையால் தொடையில் தட்டினான்.

பெரிய வெல்டருக்குக் காது மடல் கொதித்தது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

டீ இடைவேளையில் அவர் வாஷ்பேசின் பக்கம் ஒதுங்கினார். மாப்பிள்ளை இடது கையில் காகிதக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"நல்லாப் பேசினீங்க மச்சான்."

"மாப்ளே..."

"நுனிய உள்ள செருகறது நீங்க ஒருத்தர்தான். மத்தவனெல்லாம் முடிச்சுதான் போடுவான். அன்னைக்குக் கையை வெளிய எடுக்க அந்தப் பட்டையை அறுத்தாங்கள்ல, அப்பவே பாத்தேன். மயக்கத்துலயும் பாத்தேன்."

"பின்ன ஏன்யா நீங்க உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?"

"என்ன செய்யச் சொல்றீங்க? என் கை எப்படியும் போயிடுச்சு. உங்க வேலையும் போனா? உங்க தங்கச்சிக்குப் புருஷன் வீட்டு அடுப்பும் அண்ணன் வீட்டு அடுப்பும் ஒரே நாள்ல அணைஞ்சிடும்." டீயை ஒரு வாய் குடித்தான். "கம்பெனிக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க. சோம்பேறிங்கறா மச்சான். கை நோகுதுன்னு ரப்பர் கட்டின துரைங்கறா. கை போனதுகூடப் பழகிடுச்சு. இது பழக மாட்டேங்குது."

"நீங்களே சொல்லியிருக்கலாமே."

"உன் அண்ணன்தான் காரணம்னு நான் சொன்னா நம்புவாளா? புளுகுறேன்னு சேத்துத் திட்டுவா. நீங்க சொன்னாத்தான் அது சொல்லு."

"இன்னைக்கே வந்து சொல்றேன்" என்றார் பெரிய வெல்டர். சத்தியமாகத்தான் சொன்னார்.

டீக்குப் பிறகு, கூடத்தின் மூலையில் நிறுத்தியிருந்த பயிற்சி ரோபோவில் செய்முறை. ஒவ்வொருவராகப் பலகையைப் பிடித்து, ஸ்பாஞ்ச் பொம்மை ஒன்றை நோக்கி ரோபோவை மெதுவாக நகர்த்த வேண்டும். எதிர்பாராத நேரத்தில் மேடம் பின்னாலிருந்து ஒரு இரும்புத் தகட்டைத் தரையில் போடுவார். கிரேன்காரர் முறை வந்தபோது தகடு விழுந்த சத்தத்தில் அவர் பலகையையே விட்டெறிந்துவிட்டு, "ஐயோ ஆத்தா!" என்று ஓடினார். ரோபோ அந்த நொடியே நின்றது. "பாத்தீங்களா? பயந்தவர் பிழைச்சார்" என்றார் மேடம். கூடம் சிரிப்பில் குலுங்கியது.

பெரிய வெல்டர் முறை. பலகையை வாங்கிப் பிடித்தார். ரோபோ நகர்ந்தது. பின்னால் தகடு விழுந்தது. உடம்பு தூக்கிப்போட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இடது கை மட்டும் விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. நடுப்பிடியிலேயே இருந்தது. இத்தனை காலமும் பிடிக்கிற பொறுப்பை ரப்பரிடம் விட்டுவிட்ட கைக்கு, எப்படி மிரளுவது என்று மறந்துபோயிருந்தது. ரோபோ போய்ப் பொம்மையின் மார்பில் முட்டி, ஸ்பாஞ்சை அமுக்கிக்கொண்டே போனது. மேடம் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்ல, டென்ஷன்ல இருக்கீங்க. இன்னொரு தடவை" என்றார் மேடம். காலையில் கைதட்டல் வாங்கியவருக்கு அந்தச் சலுகை. அடுத்த முறை தகடு விழும் என்று தெரிந்தே காத்திருந்தார். விழுந்ததும் கையை விட்டார். ரோபோ நின்றது. பாஸ் என்றார்கள். கூண்டுப் பொறுப்பாளருக்கான மஞ்சள் பட்டையை அவர் ஹெல்மெட்டில் மேடமே ஒட்டிவிட்டார். "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா மத்தவங்க தானா வழிக்கு வருவாங்க." பெரிய வெல்டர் கும்பிட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெயில் சாயும்போது தங்கச்சி வீட்டு மாடிப்படி ஏறினார். கதவு திறந்திருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள், காலை மிதியிலிருந்து எடுக்காமலே, "வா அண்ணே, வா. எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றாள். வாயெல்லாம் பல்.

"என்ன கேள்விப்பட்ட?"

"கிரேன்காரர் வீட்டம்மா ரவிக்கை வாங்க வந்துச்சு. நீ எழுந்து நின்னு, ஊரு தப்பையெல்லாம் உன் தலைல போட்டுக்கிட்டு ஒத்துக்கிட்டியாமே. அந்த மேடமே கை தட்டிச்சாமே." அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மஞ்சள் பட்டையைத் துணி மாதிரி தடவிப் பார்த்தாள். அலமாரி மேல் வைத்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் பழைய ஹெல்மெட் கவிழாமல் மல்லாந்து கிடந்தது. அதற்குள் துணிக் கிளிப்புகள் போட்டு வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை முகம் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன். கோழித் துண்டுகளை எலும்பிலிருந்து பிய்த்துப் பிய்த்து அவன் தட்டில் போட்டாள். விரல்கள் அப்படிப் பதமாக வேலை செய்ய, வாய் வேறு வேலை செய்தது.

"நல்லாச் சாப்பிடுங்க துரை. மென்னுடுவீங்கல்ல, இல்ல அதுக்கும் ரப்பர் கட்டணுமா? அண்ணனைப் பாருங்க. அதே வேலை, அதே கைவலி. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே. உங்களுக்குத்தான் சொகுசு கேட்டுச்சு."

மாப்பிள்ளை ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனான். பெரிய வெல்டரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். கேட்கிற மாதிரி ஒரு பார்வை, ஒரு செருமல், ஏதாவது. அவன் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியதை ஒரு தடவை கேட்டுவிட்டவன் அவன்.

"அவர அப்படிச் சொல்லாத" என்றார் பெரிய வெல்டர்.

"நீ ஒண்ணு, எப்பப் பாத்தாலும் அவருக்குத்தான் வக்காலத்து. உன் மனசு அப்படி." தங்கச்சிக்குக் கண் கலங்கியது. "அந்த நேரத்துல நீ மட்டும் கூட நிக்கலன்னா எங்க கதி என்ன ஆகியிருக்கும்? அண்ணன்னு நீ இருக்கற தைரியத்துலதான் நான் இவரையே திட்டறேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். இடது கை முழங்கை வரைக்கும் தெறித்தது. "தங்கச்சி..."

"என்னண்ணே?"

அவள் முகம் மஞ்சள் பட்டை மாதிரி பளிச்சென்று இருந்தது. சொன்னால், இந்த முகம் அணைவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அணைந்த பிறகு அது திரும்பத் தன் பக்கம் எரியுமா என்று தெரியாமலே இந்தப் படிகளில் ஏற வேண்டும். தகடு விழுந்தபோது இருந்த மாதிரியேதான் இப்போதும் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளே ஏதோ ஒன்று விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி."

"என் சமையல்லயா? நாக்கு செத்துப்போச்சு உனக்கு!" என்று சிரித்துக்கொண்டே உப்பு எடுக்கப் போனாள்.

மாப்பிள்ளையின் ஸ்பூன் தட்டில் மெல்ல உராய்ந்தது. அவன் சாப்பிட்டு முடித்து, தட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போனான். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

பெரிய வெல்டர் கூடுதலாக விழுந்த உப்பையும் சேர்த்துத் தின்றார். கை கழுவினார். தங்கச்சி ஹெல்மெட்டை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு படியிறங்கினார். மேலே தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. "விளக்கையாவது போடுவீங்களா, இல்ல அதுக்கும் கை நோகுமா துரைக்கு?"

கடைசிப் படியில் நின்றார். திரும்பி ஏறலாம். கால் அப்படியே நின்றது. பிறகு தெருவுக்கு இறங்கியது.

அந்தப் பட்டையைக் கட்டியது உன் புருஷன் இல்லை, நான்தான். தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு சொல் இன்னும் பாக்கி.